எடுத்த படம் யாருக்கு? – வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் என் ஐந்து நாள் வன்னிப் பயணத்தின் ஏழு படங்களும் சில குறிப்புகளும் வந்தன. முள்ளியவளையில் ஸ்ரூடியோ நடத்தியவன் நான். இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் தங்கச்சியின் மகன். பின்னால் கமராப் பையோடு நான். படங்களைப் பார்த்துவிட்டு எழுதியவர்களுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் இடம் போதாது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

எந்த வழியால் போனீர்கள்? எத்தனை கிலோமீற்றர்? நாங்களும் குடும்பமாகப் போக நினைக்கிறோம்.
– வாசகர், செட்டிகுளம்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல், முல்லைத்தீவு. பிறகு வற்றாப்பளை, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாகத் திரும்ப மாங்குளம். அங்கிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம். மன்னார் வீதியால் தெற்கே இறங்கி, திருக்கேதீஸ்வரமும் மடுவும் பார்த்துவிட்டு வீடு. இடையிடையே குளக்கட்டுகளுக்கு ஏறி இறங்கியதையும் சேர்த்தால் 400 கிலோமீற்றர் வரும். வேகமாக ஓடினால் இரண்டு நாளில் முடிக்கலாம், ஆனால் ஒன்றும் பார்க்கமாட்டீர்கள்.

பிள்ளைகளோடு போவதால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில் பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள். யானை வரும். யானை வராத இடத்தில் மாடு படுத்திருக்கும், இரவில் தாரின் சூடு அதுகளுக்குப் பிடிக்கும். மற்றது, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் வீதியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. நல்ல படம் ஒன்று கிடைக்கும்போல இருந்தாலும் இறங்க வேண்டாம்.

என்னிடம் கமரா இல்லை, போன் மட்டும்தான். உங்களைப்போல முகங்களை எடுக்க முடியுமா?
– மாணவி, கிளிநொச்சி

முடியும் பிள்ளை. அந்த ஏழு படங்களில் மூன்று போனில் எடுத்தவைதான். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் கிரவல் வீதிப் புழுதி அதில் மெல்லிய தோலாகப் படியும், படம் பால் ஊற்றியதுபோல வெளிறிப்போகும். தூரத்தில் நின்று பெரிதாக்காமல் கிட்டப் போங்கள். கிட்டப் போனால் பேச வேண்டி வரும், பேசினால் முகம் இளகும்.

அடுத்தது வெளிச்சம். காலை ஒன்பதரைக்குப் பிறகு மூன்றரை வரைக்கும் எங்கள் வெயில் முகத்துக்கு ஆகாது, கண் குழியில் கறுப்பு விழும். அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் ஆளைப் பாலை மர நிழலின் விளிம்பில் நிறுத்துங்கள். நடு நிழலில் அல்ல, விளிம்பில். முகம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். முன்னாலிருக்கிற சிவப்பு மண்ணே வெளிச்சத்தை முகத்துக்கு அடித்துக் கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் ஒரு வெள்ளைச் சாறத்தை இரண்டு பேர் பிடித்தால் போதும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. போர் நேரம், பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. ரேடியோ கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். பிளாஷுக்கு எங்கே போவது? பொம்பிளை மாப்பிள்ளையை விடிய ஏழு மணிக்கே முற்றத்துக்குக் கூப்பிட்டு, வேலியில் வெள்ளை வேட்டி கட்டித்தான் கலியாணப் படம் எடுத்தேன். அந்தப் படங்களின் வெளிச்சம் பிறகு பிளாஷ் வைத்து எடுத்த எதிலும் வரவில்லை.

இன்னொன்று. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊர்ப் பெயர்ப்பலகையை எடுங்கள். அதன் பின் வருவதெல்லாம் அந்த ஊர். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்துக்குள் இருக்கிற திகதி, இட விவரமெல்லாம் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். அச்சிடப்போகிற படமென்றால் டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள்.

அம்மா வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பவர். வெளியூர் ஆள் ஒருவர் அவரைப் படமெடுத்துத் தன் பயணக் குறிப்போடு முகநூலில் போட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்து வேறு யாரோ அனுப்பித்தான் நாங்கள் பார்த்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இது சரியா?
– வாசகி, முழங்காவில்

சரியில்லை தங்கச்சி. உங்கள் மனம் ஆறாததில் நியாயம் இருக்கிறது.

படம் எடுத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அழகாக இருந்தது, எடுத்தார், நாலு பேருக்குக் காட்டினார். ஆனால் அந்த நாலு பேரில் முதல் ஆளாக உங்கள் அம்மா இருந்திருக்க வேண்டும். கேட்டு எடுத்தாரா என்பது ஒரு கேள்வி. எடுத்ததை அம்மாவிடம் கொடுத்தாரா என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், வன்னியில் படம் இல்லாத வீடுகள் நிறைய. போரின் கடைசிக் காலத்தில், 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது சனம் முதலில் அரிசியைத் தூக்கியது, பிறகு பிள்ளைகளைத் தூக்கியது. அல்பம் எங்கேயோ ஒரு கொட்டிலில், ஒரு பங்கர் வாசலில் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட சனத்திடமிருந்து படத்தை எடுத்துக்கொண்டு மட்டும் போகக்கூடாது.

மாசி மாதம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்கிற ஒரு அம்மாவைப் படமெடுத்திருந்தேன். ஏ9இல் போகிற வாகனமெல்லாம் அங்கே நிற்கும். தேங்காய் உடைத்து, கும்பிட்டு, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டுதான் நகரும். சூட்டு மணலுக்குள் அவர் கச்சானைப் புரட்டுகிற நேரம் எடுத்த படம். இந்தப் பயணத்தில் அதன் அச்சுப் பிரதியைக் கொண்டுபோனேன். அவர் என்னை மறந்துவிட்டார். படத்தை நீட்டினேன். கையை இரண்டு தரம் சேலையில் துடைத்து, ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கினார், பூசைத் தட்டு வாங்குவதுபோல. கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணை, என்ரை கலியாணப் படம்கூட என்னட்டை இல்லை" என்றார்.

கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே அவருடைய கணவரின் அடையாள அட்டை. அதிலிருக்கிற தபால் முத்திரை அளவு கறுப்பு வெள்ளை முகம்தான் கணவரின் ஒரே படம். "இதைப் பெருப்பிச்சு என்னோடை சேத்து ஒரு படம் செய்யலாமோ?" என்று கேட்டார்.

செய்யலாம். அட்டையின் மேல் பிளாஸ்ரிக் உறை மினுங்கும், ஆகவே வெயிலில் வைத்து எடுக்கக்கூடாது. கடைத் தாழ்வாரத்தில் கச்சான் சுளகின் மேல் அட்டையைக் கிடத்தி, கமராவை நேர் மேலே பிடித்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து நான்கு இரவு வேலை. முகத்தின் மேல் முத்திரைக் கோடு ஒன்று ஓடுகிறது, அதை எடுத்துவிட்டேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். அந்த ஆளுக்கு எழுதுங்கள். சண்டைக்கு அல்ல. "இது எங்கள் அம்மா. பெரிய பிரதி ஒன்று வேண்டும்" என்று எழுதுங்கள். படத்தை முகநூலிலிருந்து நீக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டில் எது வேண்டுமென்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.

வட்டுவாகல் பாலத்தைப் பற்றி எழுதினீர்கள், படம் போடவில்லை. முள்ளிவாய்க்கால் படமும் இல்லை. பயந்துவிட்டீர்களா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பயமில்லை தம்பி. காலை ஆறேமுக்காலுக்குப் பாலத்தில் நின்றோம். ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடலின் சத்தம். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார். படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் அந்த ஐந்து நாளிலும் வரவில்லை. மருமகன் பையைத் திறந்து தந்தான். வாங்கவில்லை.

2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். இருபத்துச் சொச்சம் வருட நெகற்றிவ்கள் இரண்டு தகரப் பெட்டிகளில் இருந்தன. இரணைப்பாலையில் வைத்து, பெட்டிகளா அம்மாவா என்று வந்தது. அம்மாவைத் தூக்கினேன். முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனைச் சனத்தின் கலியாணங்கள், சாமத்தியவீடுகள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் அந்த மணலோடு நின்றன. அந்தப் பாலத்தில் கமராவைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

ஆனால் மற்றவர்கள் எடுக்கக்கூடாது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். எடுக்க வேண்டும். அந்த நிலத்தைப் படமெடுங்கள், பனைகளை எடுங்கள், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளில் கஞ்சிச் சிரட்டையை ஏந்துகிற கைகளை எடுங்கள். அழுகிற தாயின் முகத்துக்கு முன்னால் மட்டும் போனை நீட்டாதீர்கள். தண்ணீர்ப் போத்தலை நீட்டுங்கள். அவரே பிறகு தன் பிள்ளையின் படத்தைத் தூக்கிக் காட்டி எடுக்கச் சொன்னால், முழங்காலில் இருந்து, அவர் உயரத்துக்கு எடுங்கள்.

1990களில் எடுத்த அப்பாவின் கலர்ப்படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இழுத்தால் உரிகிறது. காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், துணுக்காய்

தயவுசெய்து இனி இழுக்காதீர்கள். முதல் வேலை, கண்ணாடியோடு இருக்கிறபடியே நிழலில் வைத்து நல்ல படமொன்று எடுத்து விடுங்கள். கறுப்புத் துணி ஒன்றைக் கமராவுக்குப் பின்னால் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது. இது முடிந்தால் பாதிப் படம் காப்பாற்றியாகிவிட்டது.

அந்தக் காலத்துப் படம் மருந்தில் கழுவி எடுத்தது. அதன் மேற்தோல் ஜெலற்றின். ஈரத்தில் இளகி ஒட்டும், அதே ஈரத்தில்தான் விடவும் செய்யும். ஒரு தட்டில் சுத்தமான பச்சைத் தண்ணீர் விட்டு, கண்ணாடியோடு கிடத்துங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். பொறுமையாக இருங்கள், மணித்தியாலங்கள் ஆகலாம். ஓரம் தானாக எழும்பும்போது மெதுவாகத் தூக்கி, முகம் மேலே பார்க்க நிழலில் உலரவிடுங்கள். படத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், நிறமே கரைந்து போய்விடும். இன்றைய மைப் பிரிண்டரில் அடித்த படத்துக்கும் இந்த வைத்தியம் ஆகாது. திரும்பச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓரமெல்லாம் மட்டை வையுங்கள், தொடக்கூடாது.

பாலைப்பழம் எப்போது கிடைக்கும்?
– வாசகி, திருகோணமலை

ஆனி, ஆடியில் வாருங்கள். ஏ9 ஓரத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். பால் உதட்டில் ஒட்டும், பழகிவிடும்.

கற்சிலைமடுப் படத்தின் கீழ் "1803 ஒக்டோபர் 31" என்று மட்டும் போட்டிருந்தீர்கள். விளக்கம் தேவை.
– மாணவன், ஓமந்தை

கப்டன் வொன் டிறிபேர்க் அங்கே வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் நட்ட கல்லில் இருந்த திகதி அது. வென்றவன் நட்ட கல், ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருப்பது தோற்றவனை. படத்தின் கீழ் இன்னும் இரண்டு வரி நான் எழுதியிருக்க வேண்டும், இனி எழுதுவேன்.

பயணத்தில் எடுத்து, இதழுக்குக் கொடுக்காத படம் ஏதாவது உண்டா?
– வாசகர், மல்லாவி

ஒன்று இருக்கிறது. முள்ளியவளையில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு இறங்கினோம். வீட்டுக்கார அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய், ஒரு கலியாணப் படத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருக்கிற தமையனுக்கு அந்தக் காலத்தில் தபாலில் அனுப்பிய பிரதி. எல்லாம் அழிந்த பிறகு, அவர் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். முற்றம், வேலி, வேலியில் வெள்ளை வேட்டி. நான் எடுத்த படம்.

முன்பக்கத்தை அக்காவின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, படத்தைத் திருப்பினேன். என் ஸ்ரூடியோவின் ஊதா நிற முத்திரை அரைவாசி அழிந்திருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் என் எழுத்து: "பிரதி 4, மாலைக்கு முன்." அந்தப் பின்பக்கத்தைத்தான் எடுத்தேன். இதழுக்குக் கொடுக்கவில்லை. மேசையில், கண்ணாடி தொடாமல், மட்டை வைத்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.