பெரிய இங்கிலீஷ் சொல்லுகள் மனசில நிக்குதில்ல

கேள்வி: ஏ.எல். முடிச்சிட்டு ஐயெல்ட்ஸுக்குப் படிக்கிறன் அக்கா. கஷ்டமான சொல்லுகள எழுதி எழுதிப் பாடமாக்கினாலும் ரெண்டு நாள்ல மறந்து போகுது. என்ன செய்ய?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: அப்பிடி எழுதிக் குவிக்கிறத விடுங்க தங்கச்சி, சொல்லுட சத்தத்த நமக்குத் தெரிஞ்ச தமிழ்ச் சொல் ஒண்டோட கொளுவி விடுங்க. பார்சிமோனியஸ் எண்டா படு கஞ்சத்தனம், கேக்கக்குள்ள பாசிமணி மாதிரி இருக்குதானே, அப்ப மட்டக்களப்பு டவுன்ல நகைக்கடைக்குள்ள ஏறி விலைய மட்டும் கேட்டுட்டு வெளிய வந்து, கல்யாணப் பொண்ணு கழுத்தில பாசிமணியப் போட்டுவிடுற பணக்காரத் தகப்பன ஒருக்கா கண்ண மூடி நினைச்சுப் பாருங்க, இனி அந்தச் சொல் எங்க போகும்?

இது சும்மா விளையாட்டில்ல. 1975ல அமெரிக்க உளவியலாளர் அட்கின்சன்ட குழு 120 ரஷ்யச் சொல்லுகள இப்பிடிப் படிப்பிச்சுப் பாத்ததில இந்த முறையில படிச்சவங்களுக்கு 72 வீதம் ஞாபகம் இருந்திச்சு, மத்தவங்களுக்கு 46 தான்.

மனசில பாக்கிற படம் நீங்களே யோசிச்சதா இருந்தா இன்னும் நல்லம். அடுத்த நாள், பிறகு மூணு நாள் கழிச்சு, பிறகு ஒரு கிழமை கழிச்சு கொப்பியப் பாக்காம சொல்லிப் பாருங்க. உச்சரிப்ப மட்டும் டிக்‌ஷனரி ஆப்ல கேட்டுப் பழகுங்க, இல்லாட்டி பாசிமணி எண்டே வாயில வந்திரும். சொல்லுக்கு ஒரு வசனமாவது சொந்தமா எழுதுங்க, எழுத்துப் பரீட்சையில அதுதான் கை கொடுக்கும்.