கிணற்று நீருக்கு ஒரே மதிப்பெண் போதுமா?

ஒரு போர்வெல்லின் நீர்த் தரக் குறியீட்டெண் 61 வந்தது (நீரில் உள்ள பல பொருட்களின் அளவுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் மதிப்பு; இங்கே எண் குறையக் குறைய நீர் நல்லது). அட்டவணைப்படி 'நல்ல நீர்'. ஆனால் ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மி.கி. எதை நம்புவது?

ஃபுளோரைடை நம்புங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5 மி.கி.தான், உங்கள் நீரில் அது இரு மடங்கு. கணக்கு எங்கே வழுக்கியது என்று பாருங்கள். 3ஐ 1.5ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஃபுளோரைடின் தர மதிப்பு 200. எல்லாப் பொருட்களுக்குமான மொத்த எடை (முக்கியத்துவத்துக்குத் தரும் எண்) 30இல் அதற்கு 4 கொடுத்திருந்தால், குறியீட்டில் அதன் பங்கு சுமார் 27. மற்றவை சராசரியாக 40 பெற்றால் அவற்றின் பங்கு சுமார் 35. கூட்டினால் உங்கள் 61 வந்துவிடும். கூட்டலில் பிழையே இல்லை. நல்லவை சேர்ந்து கெட்டதை மறைத்துவிட்டன, அவ்வளவுதான்.

நான் செய்வது இது: ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்றவற்றில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் அந்தக் கிணற்றுக்குக் குறியீட்டு வகையே போடுவதில்லை. 'குடிக்க ஏற்றதல்ல, காரணம் ஃபுளோரைடு' என்று நேராக எழுதிவிடுவேன். அப்புறம், இந்தக் குறியீடுகள் பலவற்றில் கிருமிகளுக்கு இடமே கிடையாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

என் கிணற்றின் குறியீட்டெண் 60. ஒரு கட்டுரை இதை 'நல்லது' என்கிறது, இன்னொன்று 'மோசம்' என்கிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஒன்றில் 50 முதல் 100 வரை நல்லது. இன்னொன்றில் 51 முதல் 75 வரை மோசம். கனடாவின் குறியீட்டிலோ திசையே தலைகீழ், 100தான் சிறந்த நீர். எந்த முறை, என்ன எடை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

18 கிணறுகளை வைத்து ஐடிடபிள்யூ முறையில் (அருகிலுள்ள கிணறுகளுக்கு அதிக எடை கொடுத்து இடைப்பட்ட இடங்களைக் கணிக்கும் முறை) வரைபடம் போட்டேன். கிணறுகளைச் சுற்றி வட்டம் வட்டமாக வருகிறது. மென்பொருள் கோளாறா?

இல்லை, அந்த முறையின் குணமே அதுதான். ஒரு கிணற்றின் அளவு அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் போனால், அது தன்னைச் சுற்றி ஒரு தீவு கட்டிக்கொள்ளும். கிரிக்கிங் என்ற புள்ளியியல் கணிப்பு முறையில் செய்தால் படம் மழமழவென்று வரும், கூடவே எந்த இடத்தில் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்ற படமும் கிடைக்கும். ஆனால் 18 புள்ளிகளில் அதற்குத் தேவையான நம்பகமான வேரியோகிராம் (தூரம் கூடக் கூட அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வரைபடம்) அமைவது கடினம்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். ஆழமற்ற திறந்த கிணற்றையும் ஆழமான போர்வெல்லையும் ஒரே படத்தில் சேர்த்திருக்கிறீர்களா? அவை வேறு வேறு நீர்த்தாங்கிகளிலிருந்து (நிலத்தடியில் நீர் தங்கும் அடுக்குகள்) நீர் எடுப்பவையாக இருக்கலாம். பாறைப் பகுதி என்றால் இன்னும் சிக்கல்: விரிசல் வழியே நீர் ஓடுவதால், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே ஒத்துப்போகாமல் இருக்கும். சரி, படம் தேறுமா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கிணற்றையும் ஒருமுறை விலக்கிவிட்டு, மீதி 17 அதைச் சரியாகக் கணிக்கின்றனவா என்று பாருங்கள். கணிக்கவில்லை என்றால் வண்ணம் பூசாமல் புள்ளிகளாகவே விட்டுவிடுங்கள். கடைசிக் கிணற்றுக்கு அப்பால் வண்ணம் போவதை எப்படியும் வெட்டிவிடுங்கள்.

ஆய்வகம் நைட்ரேட் லிட்டருக்கு 12 மி.கி. என்று தந்தது. வரம்பு 50 தானே?

அந்த 12 எந்த வடிவில் என்று கேளுங்கள். 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்றால், அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போட்டது என்றால், 4.43ஆல் பெருக்க வேண்டும், 53 வரும். வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் நானே ஒருமுறை முழுப் படத்தையும் திரும்ப வரைந்திருக்கிறேன்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

நிமிடக் கணக்கு வேண்டாம். குழாயில் தேங்கியது வெளியேறி, மின்கடத்துதிறன், வெப்பநிலை, பிஹெச் மூன்றும் அடுத்தடுத்த அளவீடுகளில் மாறாமல் நின்றதும் பிடியுங்கள். பிஹெச்சை அங்கேயே அளந்துவிடுங்கள். ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் அது மாறிவிடும்.