விடுபட்ட மெடல்களை ராணுவ ஆவணத்தில் சேர்ப்பது எப்படி? – கேள்வி பதில்

அப்பா 1963 முதல் 1978 வரை மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக். இப்போது உயிரோடு இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவருடன் இருந்தவர்களுக்கு நாலைந்து மெடல் இருக்கிறது. எங்கே எழுதிக் கேட்பது?

எழுதுவதற்கு முன்னால், என்னென்ன வரவேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1965 ஆகஸ்ட் 5 அன்று படையில் இருந்து, அதற்குள் 180 நாள் சேவை முடித்திருந்தால் ரக்ஷா மெடல். 1965 போரில் போர்ப்பகுதியிலேயே இருந்திருந்தால் சமர் சேவா ஸ்டார். 1971-இல் கிழக்குப் போர்முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடலுக்குக் காலவரம்பு 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் சுதந்திர தின 25-ஆம் ஆண்டு மெடல். ஒன்பது ஆண்டு சேவைக்குத் தனி மெடல். உங்கள் அப்பாவின் தேதிகளைப் பார்த்தால் ரக்ஷா, 25-ஆம் ஆண்டு, ஒன்பது ஆண்டு ஆகியவற்றைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். மற்றவை 1965-லும் 1971-லும் அவருடைய பட்டாலியன் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தவை.

மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது சிப்பாய்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம், நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. கடிதம் அங்கேதான் போகவேண்டும். "அப்பாவுக்கு மெடல் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், "டிஸ்சார்ஜ் புக்கைப் பார்க்கவும்" என்று பதில் வரும். ஒவ்வொரு மெடலின் பெயரையும் எழுதி, அந்தக் காலத்தில் அவர் இருந்த யூனிட்டையும் எழுதி, "இதற்கான பார்ட்-டூ ஆர்டர் வெளியாகியிருக்கிறதா, எண் என்ன, தேதி என்ன? வெளியாகவில்லை என்றால் வெளியிட்டு, டிஸ்சார்ஜ் புக்கிலும் பதிந்து தரவும்" என்று கேளுங்கள்.

பார்ட்-டூ ஆர்டர் என்றால் என்ன? எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் எல்லாமே அதில்தான் பதிவாகும்: கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, லீவு, மெடல் தகுதி. யூனிட் அதை வெளியிடும், ரெக்கார்ட் ஆபீஸ் அதைப் பார்த்து ஷீட் ரோல் எனும் அவருடைய சேவைப் பதிவேட்டில் ஏற்றும். டிஸ்சார்ஜ் புக் என்பது, வெளியே வரும் நாளில் ஷீட் ரோலைப் பார்த்து எழுதிக் கொடுத்த சுருக்கம்.

ஆக, தவறு மூன்று இடத்தில் நடக்கலாம். யூனிட் ஆர்டரே போடாமல் விட்டிருக்கலாம். ஆர்டர் போட்டும் ஷீட் ரோலில் ஏறாமல் போயிருக்கலாம். ஷீட் ரோலில் இருந்தும், டிஸ்சார்ஜ் புக்கை நிரப்பியவர் அந்த வரியை விட்டிருக்கலாம். மூன்றாவது என்றால் ரெக்கார்ட் ஆபீஸில் ஒரு வரி எழுதி முத்திரை வைத்தால் வேலை முடிந்தது. முதலாவது என்றால் தகுதியை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் அனுப்பும் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆர்டர் எண்ணை முதலில் கேட்கச் சொல்வது அதற்காகத்தான்.

இணைக்க வேண்டிய காகிதங்கள் என்னென்ன?

டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் நகல். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், மெடல் பக்கம் காலியாக இருப்பதே உங்கள் சான்று. பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல், ஆதார். அவர் இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். மெடல் வாங்க வாரிசுகளில் ஒருவரை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்று சேர்த்துவிட்டால் பின்னால் ஒரு சுற்று மிச்சம். மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போகும் மனுவுக்குக் கடித எண் இருக்கும், அதை வைத்துப் பின்தொடரலாம். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் நேராகவும் அனுப்பிவிடுங்கள்.

ஆர்மி நம்பரை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதுங்கள், முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள் உட்பட. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம், ஆர்மி நம்பர் ஒருவருக்குத்தான்.

மாமனாரின் டிஸ்சார்ஜ் புக்கில் "பழனிசாமி ஆர்". ஆதாரில் "ஆர். பழனிஸ்வாமி". இதனால் சிக்கல் வருமா?

வரும், ஐயா. நம் ஊர் ஆட்களுக்கு மெடல் விஷயத்தில் மிக அதிகமாகத் தடை போடுவதே இந்த இனிஷியல்தான். படையில் சேர்ந்த அன்று எழுத்தர் ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ அதுதான் கடைசிவரை. மெடல் வட்டத்தின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அங்கே வருவதும் அந்த ரெக்கார்ட் பெயர்தான்.

மனுவை ரெக்கார்ட் பெயரிலேயே எழுதுங்கள். ஆதார் பெயரும் ரெக்கார்ட் பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணையுங்கள். பெயர்த் திருத்தத்தையும் மெடலையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். அவை இரண்டு வேறு மேசைகளுக்குப் போகும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

நான் சிக்னல்ஸ் (ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு). 1988-இல் இலங்கையில் ஒரு காலாட்படை பட்டாலியனோடு அட்டாச்மென்டில் இருந்தேன். ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் என் ரெக்கார்டில் இல்லை.

அட்டாச்மென்டில் போனவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தாய் யூனிட் "அங்கே போட்டிருப்பார்கள்" என்று விட்டுவிடும், அட்டாச் ஆன பட்டாலியன் "இவர் நம் ஆள் இல்லை" என்று விட்டுவிடும். ஆர்டர் இரண்டு இடத்திலும் இருக்காது.

இலங்கைப் பணிக்கு அந்த மெடல் ஸ்ரீலங்கா என்ற கிளாஸ்ப்போடு (ரிப்பன்மேல் பொருத்தும் சிறு உலோகப் பட்டை) வரும். நீங்கள் நிரூபிக்க வேண்டியது, அந்த நாட்களில் நீங்கள் அந்த மண்ணில் இருந்தீர்கள் என்பதை. உங்களை அங்கே அனுப்பிய மூவ்மென்ட் ஆர்டர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லாவிட்டால் அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியலில் வந்த களப்படி, ஆஸ்பத்திரி சீட்டு, அங்கே இருந்தபோது வெளியான வேறு ஏதாவது பார்ட்-டூ ஆர்டர் என்று தேடுங்கள். அந்தச் சமயத்தில் உங்களுக்குக் குழந்தை பிறந்து, அந்த ஆர்டரை அட்டாச் ஆன பட்டாலியன் போட்டிருந்தால் அதுவே சாட்சி. கூட இருந்த அதிகாரியோ ஜே.சி.ஓ.வோ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) எழுதும் சான்றுக் கடிதம் துணைக்கு உதவும், தனியாக நிற்காது. மனுவை ஜபல்பூரில் உள்ள சிக்னல்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பி, பட்டாலியனின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு நகல் போடுங்கள்.

அதே இலங்கைப் பணியில் என் கணவருக்குக் காலில் குண்டுச் சிதறல் பட்டது. காயத்துக்கான மெடல் வரவில்லை. தழும்பு இருக்கிறது, போதாதா?

போதாது, அம்மா. அந்த மெடல் எதிரியின் நடவடிக்கையால் நேரடியாகக் காயப்பட்டவர்களுக்கு. ஆவணத்தில் அவர் "பேட்டில் காஷுவல்டி" என்று பதிவாகியிருக்கிறாரா, "ஃபிஸிகல் காஷுவல்டி" என்று பதிவாகியிருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டி கவிழ்ந்து அடிபட்டவர் இரண்டாவது வகை. சில நேரம் சண்டையில் அடிபட்டவரையும் அவசரத்தில் இரண்டாவது வகையில் எழுதிவிடுவார்கள்.

முதலில் காஷுவல்டி அறிவிப்பின் நகலையும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டையும், மெடிக்கல் போர்டு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருந்தால் பி.பி.ஓ.வைக் கவனியுங்கள். அதில் போர்க்காயம் என்று வகைப்படுத்தியிருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். வகை தவறாக இருந்தால் அதைத் திருத்தக் கேட்பதுதான் முதல் மனு, மெடல் அதற்கு அடுத்தது. இந்தத் திருத்தம் ஓய்வூதியத் தொகையையும் மாற்றக்கூடும். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தாத்தாவுக்கு சேனா மெடல் என்று ஊரில் சொல்கிறார்கள். ரெக்கார்டில் இல்லை.

வீரச் செயலுக்கான விருது எதுவானாலும் இந்திய அரசிதழில் வந்திருக்கவேண்டும். பெரும்பாலும் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டிய இதழ்களில் தேடுங்கள். அரசிதழில் பெயர் இருந்தால் மறுக்க முடியாது. தளபதியின் பாராட்டு அட்டையையும் வீட்டில் "சேனா மெடல்" என்றே சொல்வதுண்டு. அதுவும் பெருமைதான், ஆனால் வேறு பதிவு.

அப்பா 1964-இல் சேர்ந்து 1969-இல் வெளியே வந்தவர். பென்ஷன் இல்லை. "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தது.

ஓய்வூதியம் இல்லாதவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழிப்பது விதிப்படி நடப்பது. ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை வைத்திருப்பார்கள். ஆர்மி நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் அதில் இருக்கும். லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள். 1964-இல் சேர்ந்த தேதி அதில் இருந்தால் ரக்ஷா மெடலுக்கான 180 நாள் கணக்கை அதை வைத்தே போட்டுக் காட்டலாம். போர்ப்பகுதி மெடல்களுக்கு அது போதாது, கையில் உள்ள டிஸ்சார்ஜ் சான்றிதழ்தான் துணை.

விமானப்படை, கடற்படைக்கும் இதே வழியா?

வழி ஒன்றுதான், முகவரி வேறு. விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸ். அங்கே பார்ட்-டூ ஆர்டருக்குப் பதில் பி.ஓ.ஆர். என்பார்கள். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டு.

மனு கொடுத்து ஒரு வருடம். பதிலே இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். "ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இந்த ஆர்மி நம்பருக்கு ஷீட் ரோலில் பதிவான மெடல்கள் எவை, ஒவ்வொன்றின் பார்ட்-டூ ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன, என் இந்தத் தேதியிட்ட மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது" என்று கேளுங்கள். ஷீட் ரோல் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. வாரிசு கேட்பதானால் உறவுச் சான்றும் இறப்புச் சான்றிதழும் இணையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுப்பார்கள். இதோடு மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஒரு புகாரும் போடலாம்.

எழுத்தில் மறுத்துவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அமர்வு உண்டு. மறுப்பு உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். பதிலே வராவிட்டால், மனு கொடுத்து ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள். தாமதமானாலும் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மனுவின் தேதிதான் ஆதாரம், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவு இருக்கிறது, மெடல்தான் கைக்கு வரவில்லை. கடையில் வாங்கி ஃப்ரேம் போடலாமா?

ரிப்பனும் சிறிய மெடல்களும் கடையில் வாங்குவது வழக்கம்தான். ஆனால் கடை மெடலின் ஓரம் வெறுமையாக இருக்கும். பதிவு இருக்கும்போது, பார்ட்-டூ ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு "மெடல் வழங்கப்பட்டதா, எந்தத் தேதியில், யாரிடம்?" என்று ரெக்கார்ட் ஆபீஸைக் கேளுங்கள். அந்த நாளில் யூனிட்டுக்குப் போய், ஆள் மாறிப்போனதால் திரும்பிய மெடல்களும் உண்டு. வழங்கவே இல்லை என்றால் அது முதல் வழங்கல், தொலைந்துபோன மெடலுக்கான விதி உங்களுக்குப் பொருந்தாது. "டூப்ளிகேட்" என்ற சொல்லை மனுவில் எங்கும் எழுதாதீர்கள். எழுதினால் போலீஸ் புகார் நகலும் கட்டணமும் கேட்டுக் கடிதம் வரும்.