டிரம் யூனிட்டைப் பிரித்துச் செய்யலாம், பியூசர் வேறு கதை

போட்டோகொப்பி மெசினில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப வருகிறது, டிரம் யூனிட்டையும் பியூசரையும் முழுசாக மாற்றுவதா, பிரித்துத் தேய்ந்த பாகங்களை மட்டும் மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். டோனர் தூளால் படத்தை உருவாக்கும் உருளை இருக்கும் டிரம் யூனிட்டைப் பிரித்துச் செய்தால் உங்கள் நேரத்துக்குக் கூலி மிஞ்சும். ஆனால் அந்தத் தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசரில், மேல் ரோலரோடு தாளை அதன்மேல் அழுத்தும் பிரஷர் ரோலரும் தேய்ந்திருந்தால் முழு யூனிட்டாகவே மாற்றிவிடுங்கள். மலையகத்து ஹட்டனில் இருக்கும் ஒரு போட்டோகொப்பி மெசினுக்கு கொழும்பிலிருந்து ரோலர் தனியாக, பேரிங் தனியாக என்று வரவழைத்து, அரை நாள் உட்கார்ந்து மாட்டி, கடைசியில் மாற்றாமல் விட்ட, ரோலரிலிருந்து தாளைப் பிரிக்கும் பழைய பிக்கர் நகம் புது ரோலரைக் கீறிவிட்டால் அந்தக் கூலியை யாரிடம் கேட்பது?

அந்தத் திரும்பத் திரும்ப வரும் கறுப்புப் புள்ளி பெரும்பாலும் டிரம்மில்தான். அடிமட்டம் வைத்து இரண்டு புள்ளிக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். டிரம்மின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் தூரமான சுமார் 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரும். அப்புறம், கொப்பி பாதியில் போகும்போது கதவைத் திறந்து தாளை எடுங்கள். தூள் இன்னும் உருகாத பகுதியிலேயே புள்ளி இருந்தால் பியூசரைத் தொடவே வேண்டாம்.

டிரம்மையும் அதில் மிஞ்சும் தூளை வழிக்கும் பிளேட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பிளேட்டின் விளிம்பில் கொஞ்சம் டோனர் தடவாமல் சுற்றவிட்டால் அது மடிந்துவிடும்.

மழை மாதங்களில் நம் பக்கம் தாள் ஈரம் இழுத்து, நல்ல பியூசரிலும் சுருளும், எழுத்து ஒட்டாது. அதனால் புதுக் கட்டுத் தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகே எதையும் ஓடர் பண்ணுங்கள். பியூசருக்குள், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் தேர்மல் பியூஸ் அறுந்து போயிருந்தால் வயரை நேரே இணைத்து மட்டும் ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.