படங்களை அழித்தும் இடம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும், என் பழைய மடிக்கணினியில் மகன் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவித் தந்தார். வட்டு 128 ஜிபிதான். அது நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்ததால், பேரப்பிள்ளைகளின் பழைய படங்களை அழித்தேன். கணினியின் நிலையை அவ்வப்போது பதிவு செய்துவைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி இயங்குவதால் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம். ஆனால் இடம் கொஞ்சம்கூடக் கூடவில்லை. அடுத்து எதை அழிப்பது?
- ஈசூன் வாசகி

பதில்: எதையும் அழிக்காதீர்கள், அம்மா. முக்கியமாக, குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். இடம் கூடவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இடம் கூடவில்லை என்றால், படங்கள் பெரும்பாலும் இன்னும் உங்கள் வட்டிலேயே இருக்கின்றன.

டிலீட் விசையை அழுத்தினால் கோப்பு அழிவதில்லை. குப்பைத்தொட்டிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். குப்பைத்தொட்டியைத் திறந்து, படங்களைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கச் சொடுக்கில் வரும் 'ரெஸ்டோர்' என்பதை அழுத்துங்கள். பழைய கோப்புறைக்கே அவை திரும்பிவிடும். ஒரே வட்டுக்குள் நடக்கும் மாற்றம் என்பதால், இடம் இல்லை என்ற தடையும் வராது. ஷிஃப்ட் விசையோடு டிலீட்டை அழுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது குப்பைத்தொட்டியில் போடாமல் நேராகவே அழித்துவிடும்.

இனி அந்தத் தைரியத்துக்கு வருகிறேன். டைம்ஷிஃப்ட் உங்கள் படங்களைக் காப்பதில்லை. புளோக்கின் மின்தூக்கி பழுதானால் நகர மன்றம் சரிசெய்யும். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆல்பத்துக்கு அது பொறுப்பல்ல. டைம்ஷிஃப்டும் அப்படித்தான். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு கணினி கிளம்பவில்லை என்றால், இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவரும். உங்கள் படங்களும் ஆவணங்களும் இருக்கும் 'ஹோம்' கோப்புறையை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது. இது குறையல்ல. அதையும் சேர்த்திருந்தால், கணினியைப் பத்து நாள் பின்னுக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பத்து நாளில் நீங்கள் எழுதியவையும் போய்விடும்.

அப்படியானால் இடத்தை அடைத்திருப்பது எது? 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற கருவி மின்ட்டிலேயே இருக்கிறது. அதைத் திறந்து முழு வட்டையும் ஆராயச் சொல்லுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையங்கள் தோன்றும். அகலமான துண்டின்மேல் சுட்டியை வைத்தால் கோப்புறையின் பெயரும் அளவும் தெரியும். 128 ஜிபி வட்டில் 'டைம்ஷிஃப்ட்' என்ற துண்டு பருத்துத் தெரிந்தால் வியப்பதற்கில்லை. அதைக் கோப்பு மேலாளர் வழியாக அழிக்கப் போகாதீர்கள். டைம்ஷிஃப்டையே திறந்து, பழைய பதிவுகளை அங்கிருந்து நீக்குங்கள். அதன் அமைப்பில் தினசரிப் பதிவு எத்தனை வைத்திருக்க வேண்டும் என்ற எண் இருக்கும். உங்கள் வட்டுக்கு இரண்டு போதும்.

படங்களுக்கு ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும். படக் கோப்புறையை இழுத்து அதில் போடுவதே போதும், தனிக் கருவி தேவையில்லை. பழைய பென்டிரைவை இதற்குப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அது ஃபேட்32 என்ற பழைய கோப்பு வடிவமைப்பு முறையில் இருந்தால், 4 ஜிபியைத் தாண்டும் வீடியோ அதில் ஏறாது.

நகலெடுக்கும் பெட்டி மறைந்ததும் கம்பியைப் பிடுங்கிவிடக் கூடாது. லினக்ஸ் தரவை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பிறகுதான் வட்டில் எழுதுகிறது. திரையில் முடிந்தது உள்ளே முடிந்திருக்காது. கோப்பு மேலாளரில் அந்த ஹார்ட் டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் குறியை அழுத்தி, பாதுகாப்பாக எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். பிறகு மறுபடி செருகி, நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். அவை சரியாகத் திறந்தால், மடிக்கணினியில் இருப்பவற்றை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யலாம்.