சிறிய இணையத்தளத்துக்கு எந்த ஹோஸ்டிங் சேவையைத் தெரிவு செய்யலாம்?

மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்து விற்கும் உறவினருக்காகப் பத்துப் பக்கங்களுக்குள் ஓர் இணையத்தளம் அமைக்கப் போவதாகவும், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் சேவை) விளம்பரங்களில் எதை நம்புவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோவிலின் தளத்தையும் இரண்டு கடைகளின் தளங்களையும் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், எந்த நிறுவனத்திடம் போனாலும் விரும்பிய நாளில் அங்கிருந்து வெளியேறக்கூடிய நிலையில் இருங்கள். டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் உறவினரின் சொந்தக் கணக்கிலும், தளத்தின் முழுப் பிரதி உங்கள் கையிலும் இருந்தால், பிழையான இடத்தைத் தெரிவு செய்துவிட்டாலும் ஓரிரு நாட்களில் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கோவில் தளத்தை முதலில் செய்து தந்தவர் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தன்னுடைய கணக்கிலேயே வாங்கியிருந்தார். அவர் வெளிநாடு போன பிறகு, புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவர் பாவிக்காத முகவரி ஒன்றில் குவிந்துகொண்டிருந்தன. வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்க ஒன்பது நாட்கள் இருக்கும்போதுதான் தளம் இல்லை என்பது நிர்வாக சபைக்குத் தெரியவந்தது. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடமுண்டு. அதன் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் மேலதிகமாகப் பெருந்தொகை கேட்பார்கள். அதுவும் கடந்து 5 நாட்கள் போனால் உலகில் யாரும் அதை வாங்கிவிடலாம். மீட்புக் காலத்துக்குள் அவரைத் தேடிப் பிடித்ததால் பெயர் தப்பியது. ஆனால் ஹோஸ்டிங் கணக்கோடு பழைய படங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. காலமாகிவிட்ட கட்டாடியார் (கோவில் பூசகர்) ஒருவர் கண்ணகி வழக்குரைக் காவியம் படித்த ஒலிப்பதிவும் அவற்றோடு போயிற்று. அதன் வேறு பிரதி எவரிடமும் இல்லை.

பெரிய நிறுவனமானால் தரவு பத்திரமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தபோது, பிரதியை வேறிடத்தில் வைத்திராத வாடிக்கையாளர் பலர் தங்கள் தளங்களை நிரந்தரமாக இழந்தார்கள்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு பான்ட்வித் (தளத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் போகும் தரவின் அளவு) தேவை என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விளம்பரங்களின் மயக்கம் பெரும்பாலும் அங்கேயே தெளிந்துவிடும். ஒரு பக்கத்தில் எட்டுச் சேலைப் படங்கள், ஒவ்வொன்றும் 200 கிலோபைட் என்று வைத்தால், ஒருவர் ஒருமுறை பார்க்க ஏறக்குறைய 1.6 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்கு 200 பேர் வந்தாலும் மாதம் 10 ஜிகாபைட்டைத் தாண்டாது. அதே படங்களைப் போனில் எடுத்தபடியே, ஒன்று 4 மெகாபைட்டாக ஏற்றினால், அந்த 10 ஜிகாபைட் 190க்கு மேல் போய்விடும். டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவர் பக்கம் திறக்கும் முன்னரே மூடிவிடுவார். படங்களைச் சுருக்குவதற்குக் காசு வேண்டியதில்லை, ஒரு மாலை நேரம் போதும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைக் கண்டால் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். ஒரே கணினியைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இடமும் பான்ட்வித்தும் தாராளமாகத் தரப்பட்டாலும், அந்தக் கணினியின் செயலி (சிபியு) நேரத்துக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் அங்கே வரம்பு எழுதப்பட்டிருக்கும். எங்கள் கோவில் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இருந்த காலத்தில் வருடம் முழுவதும் அமைதியாக ஓடியது. சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி இரவில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் எங்கள் ஊர்ச் சனம் ஒரே நேரத்தில் திறந்தபோது அந்த வரம்பை முட்டி, 503 என்ற பிழைச் செய்தியோடு விடியும் வரை நின்றுவிட்டது. வருகிற ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகத் தயாரிப்பதுதான் வேர்ட்பிரஸின் இயல்பான வேலைமுறை. சடங்கு அறிவித்தலுக்கு அது தேவையே இல்லை என்று அதன் பிறகுதான் விளங்கியது.

உங்கள் தளத்துக்கும் அது தேவையில்லை. படம், விலை, வாட்ஸ்அப் இலக்கம் இவ்வளவும்தான் என்றால், முன்கூட்டியே தயாரித்து வைத்த நிலையான பக்கங்கள் போதும். அவற்றைக் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற சேவையில் இலவசமாகவே வைக்கலாம். கோப்பு ஒன்றுக்கு 25 மெகாபைட் என்ற எல்லை உண்டு, ஆனால் சேலைப் படங்களுக்கு அது ஒரு தடையே அல்ல. கிட்ஹப் பேஜஸைப் பலர் பரிந்துரைப்பார்கள். வியாபாரத் தளங்களை நடத்துவதற்கு அதை இலவச ஹோஸ்டிங்காகப் பாவிக்க அவர்களுடைய விதிமுறைகள் இடமளிப்பதில்லை என்பதால், உங்கள் உறவினருக்கு அது பொருந்தாது.

இணையத்திலேயே பணம் வாங்கும் கடையாகப் பின்னர் வளர்ந்தால் மட்டும் கட்டண ஹோஸ்டிங்குக்குப் போங்கள். அப்போது முதல் வருட விலையைப் பாராமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். டொலரில் கட்டுவதன் ஆபத்தை நாங்கள் எல்லோரும் 2022இல் கண்டோம்: அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, மாதம் 10 டொலர் கட்டும் தளத்தின் வருடச் செலவு 24,000 ரூபாயிலிருந்து 43,000 ரூபாய்க்குப் போனது. கடனட்டை இல்லாத நெசவாளர் குடும்பத்துக்கு, ரூபாயில் வங்கி வழியாகக் கட்டக்கூடிய உள்ளூர் நிறுவனம் வசதிதான். ஆனால் அவர்களுடைய வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) எங்கே இருக்கிறது, பிரதியை நாங்களே இறக்கிக்கொள்ள முடியுமா என்ற இரண்டையும் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்பவரைத் தவிர்த்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உறவினரின் பழைய விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கக்கூடும். அதை எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் பார்ப்பவரின் போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும், கூகுளில் தேடுபவருக்கும் அகப்படாது.

தளம் முடிந்த அன்றே முழுக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் போட்டு உறவினரின் வீட்டில் கொடுங்கள், டொமைன் கணக்கின் மின்னஞ்சலை அவர் தினமும் பார்க்கும் முகவரியாக மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.