சுவரில் ஓதம், பிள்ளைக்கு இளைப்பு: பெயின்ட் அடித்தால் போதுமா?

கேள்வி: பெரம்பூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம், கறுப்பாகப் பூஞ்சை. 4 வயது மகனுக்கு இரவில் இளைப்பு. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்போது உள்பக்கம் பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து, அடியில் பூசிய பட்டியோடு உரிந்து விழும். பிவிசி பேனல் போட்டு மறைக்கலாம் என்று அடுத்த ஆள் வருவார். அது இன்னும் மோசம். பேனலுக்குப் பின்னால் பூஞ்சை வளரும், கரப்பான் குடியேறும். இரண்டுமே இளைப்பைத் தூண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் துளி நின்றால் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்றே காரணம்: உள்ளே துணி உலர்த்துவதை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் ஈரமென்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

உங்கள் வீட்டுக்குத் தனித் தொட்டி இருந்தால், இரவு மட்டத்தைக் குறித்து, குழாய் எதையும் திறக்காமல் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் தண்ணீர்க் குழாயில் கசிவு. குறையாவிட்டால் கசிவே இல்லை என்று பிளம்பர் சொல்வார், நம்பாதீர்கள். கழிவுக்குழாயில் குளிக்கும்போது மட்டும்தான் தண்ணீர் ஓடும், அந்தக் கசிவு தொட்டியில் தெரியவே தெரியாது. குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் தேக்குங்கள். ஓதம் பரவினால் தரையோ டைல்ஸ் இடுக்கோ கசிகிறது. பரவாமல், அடைப்பை எடுத்து வாளி வாளியாக ஊற்றும்போது மட்டும் பரவினால் வடிகால் குழாய்தான்.

பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூளாகப் பறக்கும். பிள்ளையை வெளியே அனுப்பி, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். கொசுவத்தி வேண்டாம், வலை கட்டுங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். விலா உள்வாங்கினாலோ பேச மூச்சு போதாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். புரோக்கர்களோ 11 மாத முத்திரைத்தாளை நீட்டி, பதிவெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். ஓதம் பிடித்த வீட்டை வாடகைக்கு விடும் முன் வந்து பார்க்க ஓர் ஆள் கிடையாது. பிள்ளைக்கு மூச்சு முட்டிய பிறகும் அதிகாரி அலுவலகத்தில் படிவத்தைத்தான் கேட்கிறார்கள். படங்களைத் தேதியோடு எடுத்து, வீட்டுக்காரருக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.